குழந்தையைப் பற்றியதா, குழந்தைக்கானதா? தமிழ்த் தொலைக்காட்சியில் இளஞ்சிறார்க்குத் ‘தகுதியான நிகழ்ச்சி’ என்னும் கருத்தாக்கம்

ஆய்வுச்சுருக்கம்

இளங்குழந்தைகள் உள்ள குடும்பங்கள் காணத்தக்க தொலைக்காட்சி நிகழ்ச்சி எது என்னும் வினாவுக்கு ஆபாசமும் வன்முறையும் அற்றது என்ற எதிர்மறை விடையே சட்டத்திலும் பொதுப்பேச்சிலும் தரப்படுகிறது. அவ்விடை போதாது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. குழந்தை இலக்கிய ஆய்வில் வழங்கும் ‘குழந்தையைப் பற்றிய இலக்கியம்’, ‘குழந்தைக்கான இலக்கியம்’ என்னும் வேறுபாட்டைத் தொலைக்காட்சிக்குப் பொருத்தி, குடும்பத் தொடர், சிறார் பங்கேற்பு நிகழ்ச்சி, மொழிமாற்ற அசைபடம், கல்வி ஒளிபரப்பு ஆகியவற்றை மதிப்பிடுகிறது. நிகழ்ச்சி யாரை விளிக்கிறது, எம்மொழியில் விளிக்கிறது, எங்கு முடிகிறது ஆகிய வினாக்களே தகுதியை அளக்கும் அடிப்படைகள் என்னும் முடிவை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: சிறார் தொலைக்காட்சி, விளிப்பு, பிள்ளைத்தமிழ், மொழிமாற்றம், இரட்டை வழக்கு, குடும்பப் பார்வையாளர்.

1. முன்னுரை

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. ஒரே அலைவரிசை, மாலை நேரத்தில் மட்டும் ஒளிபரப்பு என்றிருந்த தொடக்கக் காலத்தில் குழந்தைகளுக்கென ஒதுக்கப்பட்ட நேரம் சிறிது. ‘கண்மணிப் பூங்கா’ போன்ற நிகழ்ச்சிகள் அச்சிறு நேரத்தில் இடம்பெற்றன. இன்று நிலைமை தலைகீழ். 2007இல் சன் குழுமம் சுட்டி தொலைக்காட்சியைத் தொடங்கிய பின்னர், தமிழ் ஒலித்தடத்துடன் நாள் முழுவதும் ஒளிபரப்பாகும் சிறார் அலைவரிசைகள் பல வீட்டுக்குள் வந்துவிட்டன. அவற்றுக்கு அப்பால் இணையக் காணொளிகளும் அதே திரையில் ஓடுகின்றன.

எண்ணிக்கை பெருகியும் தேர்வு எளிதாகவில்லை. மூன்று வயதுக் குழந்தையும் எட்டு வயதுக் குழந்தையும் பாட்டியும் ஒரே அறையில் அமர்ந்திருக்கும் வீட்டில் எதை வைப்பது என்னும் சிக்கல் அன்றாடம் எழுகிறது. இச்சிக்கலைப் பெற்றோரின் கண்டிப்பு அல்லது கண்டிப்பின்மை சார்ந்ததாகக் காண்பதே வழக்கம். இக்கட்டுரை அதனைத் திறனாய்வுச் சிக்கலாகக் காண்கிறது. தகுதி என்பதை அளக்கும் கருவி பிழைபட்டிருப்பின், எத்துணைக் கண்டிப்பான பெற்றோரும் சரியான தேர்வைச் செய்ய இயலாது என்பதே இதன் அடிப்படைக் கருத்து. ‘இளஞ்சிறார்’ என்னும் சொல் இங்கு ஏறத்தாழ ஆறு வயதுக்குட்பட்டோரைக் குறிக்கிறது.

2. ‘குடும்பம்’ என்னும் பார்வையாளர்

தமிழ்த் தொலைக்காட்சி தன் பார்வையாளரைக் குறிக்க மிகுதியாகப் பயன்படுத்தும் சொல் ‘குடும்பம்’ ஆகும். சித்தி (1999–2001), மெட்டி ஒலி (2002–2005), கோலங்கள் (2003–2009) எனத் தொடரும் நெடுந்தொடர்கள் ‘குடும்பத் தொடர்’ என்றே அறியப்பட்டன. குடும்பமே இவற்றின் கதைக்களம்; குடும்பமே பார்வையாளரும் ஆகும். இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் கலந்துவிட்டதால், குடும்பத்தைப் பற்றிய கதை குடும்பத்தார் அனைவருக்கும் உரிய கதை என்னும் மயக்கம் தோன்றியது.

மரபான அளவுகோலின்படி இத்தொடர்களில் தவறு காண்பது அரிது. பாலுறவுக் காட்சி இல்லை. குருதி தோய்ந்த சண்டையும் குறைவு. ஆயினும் இவற்றின் உணர்ச்சிக் கட்டமைப்பு ஐயம், வஞ்சம், மணவாழ்வுத் துரோகம், சொத்துத் தகராறு, பழிவாங்கல் ஆகியவற்றால் ஆனது. காலத்தை நீட்டி, ஒவ்வொரு நாளும் தீராத அச்சத்தில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்வது இதன் கதைகூறு முறை. நாளைய தவணையில் தீர்வு வரும் என்று காத்திருக்கும் திறன் வளர்ந்தவர்க்கு உண்டு. கதைக்கும் நிகழ்வுக்கும் இடையிலான எல்லையை இன்னும் முழுமையாக வகுத்துக்கொள்ளாத மூன்று வயதுக் குழந்தைக்கு, ஓர் அம்மா அழும் காட்சியில் நிறுத்தப்பட்ட கதை, அழுகையோடு முடிந்த கதையாகவே எஞ்சும். ஆகவே ‘குடும்பத்துடன் காணத்தக்கது’ என்னும் தொடர் பெரியவர்கள் ஒருவர் முன் ஒருவர் கூச்சமின்றிக் காணத்தக்கது என்னும் பொருளையே தருகிறது. குழந்தை அதில் கணக்கிடப்படவில்லை.

3. ஒரு பழைய வேறுபாட்டின் புதிய பயன்

இம்மயக்கத்தைத் தெளிவிக்கத் தமிழ் இலக்கிய ஆய்விலேயே கருவி உள்ளது. குழந்தையைப் பாட்டுடைப் பொருளாகக் கொண்ட இலக்கிய வகை தமிழில் பிள்ளைத்தமிழ் என வளர்ந்தது. இதற்கான வேரைத் தொல்காப்பியப் புறத்திணையியலில் காண்பர். கிடைத்துள்ளவற்றுள் பழமையானது ஒட்டக்கூத்தரின் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ். காப்பு முதலாகப் பத்துப் பருவங்களில் குழந்தையின் ஒவ்வோர் அசைவையும் இவ்வகை போற்றுகிறது. எனினும் எக்குழந்தையும் பிள்ளைத்தமிழின் வாசகர் அன்று. அதன் சொல்லும் சந்தமும் புராணக் குறிப்பும் கற்றறிந்த பெரியோரை நோக்கியன. குழந்தை அங்குப் பொருள், பெரியவரே பயனர்.

தாலாட்டு இதற்கு மாறானது. அது குழந்தையின் செவியை நோக்கியே எழுகிறது. பாடுபவளின் துயரும் அதில் கலந்திருக்கலாம். ஆயினும் அதன் ஓசையமைப்பு குழந்தையை உறங்கவைக்கும் நோக்கத்தால் உருவானது. எழுத்திலக்கியத்தில் இத்திசைமாற்றம் இருபதாம் நூற்றாண்டில் தெளிவுபெற்றது. பாரதியாரின் பாப்பா பாட்டு குழந்தையை நேரே விளிக்கிறது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும் அழ. வள்ளியப்பாவும் குழந்தையைப் படிப்பவராகவும் பாடுபவராகவும் கருதி எழுதினர். குழந்தை இலக்கிய ஆய்வு இதனைக் ‘குழந்தையைப் பற்றியது’, ‘குழந்தைக்கானது’ என இரண்டாகப் பகுத்தது.

தொலைக்காட்சிக்கு இப்பகுப்பைப் பொருத்தும்போது மூன்றாம் வகை ஒன்றும் தேவைப்படுகிறது. குழந்தையே திரையில் நிகழ்த்துநராக அமையும் ‘குழந்தை தோன்றும்’ நிகழ்ச்சி அது. தமிழ்த் திரையில் இம்மூன்றாம் வகையே மிகுதி. அதுவே சிறார்க்குரிய நிகழ்ச்சியாகத் தவறாகக் கொள்ளப்படுகிறது.

4. குழந்தை தோன்றும் நிகழ்ச்சிகள்

சன் தொலைக்காட்சியில் இமான் அண்ணாச்சி நடத்திய ‘குட்டீஸ் சுட்டீஸ்’ இவ்வகைக்குச் சிறந்த சான்று. பள்ளி செல்லத் தொடங்கும் வயதினரான குழந்தைகளிடம் வினாக்கள் கேட்கப்படும். அவர்கள் தரும் எதிர்பாராத விடைகளுக்கு அவை சிரிக்கும். இந்நிகழ்ச்சிக்கு உரிய சிறப்பை மறுக்க இயலாது. மனப்பாடம் செய்யாத, எழுதித் தரப்படாத குழந்தைப் பேச்சு, அதன் வட்டார ஒலிப்புடனும் மழலைப் பிழையுடனும் தமிழ்த் திரையில் இடம்பெற்றது அரிய நிகழ்வு. நெல்லை வழக்கில் பேசும் நடத்துநர் குழந்தைக்கு இணையாகத் தம் பேச்சைத் தாழ்த்திக்கொண்டதும் குறிப்பிடத்தக்கது.

எனினும் இங்குச் சிரிப்பு யாருடையது என்னும் வினா எழுகிறது. வீட்டில் பெற்றோர் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பது போன்ற வினாவுக்குக் குழந்தை உண்மையையே சொல்கிறது. அவ்விடையில் நகைச்சுவை இருப்பதை அக்குழந்தை அறியாது. அறியாமையே நகைக்குக் காரணமாதலின், அறியாதவர் அந்நகையில் பங்குகொள்ள முடியாது. வீட்டில் இருந்து பார்க்கும் அதே வயதுக் குழந்தைக்கு இந்நிகழ்ச்சி தருவது ஒரு புதிரே: தன்னை ஒத்த ஒருவர் பேசுகிறார், பெரியவர்கள் சிரிக்கின்றனர், ஏன் என்பது விளங்கவில்லை. தன் பேச்சும் இவ்வாறே சிரிப்புக்குரியது என்னும் பாடத்தை அக்குழந்தை பெறக்கூடும். பிள்ளைத்தமிழ் போலவே இதுவும் பெரியவர்க்கான இன்பம். பிள்ளைத்தமிழில் குழந்தை போற்றப்படுகிறது. இங்கோ போற்றுதலும் நகைத்தலும் பிரிக்க இயலாதபடி கலந்துள்ளன.

விஜய் தொலைக்காட்சியின் ‘சூப்பர் சிங்கர் ஜூனியர்’ முதலான பாட்டுப் போட்டிகள் வேறொரு சிக்கலைக் காட்டுகின்றன. குழந்தைகளின் இசைத்திறனும் உழைப்பும் இவற்றில் மெய்யாகவே வெளிப்படுகின்றன. ஆனால் பாடப்படுபவை பெரும்பாலும் திரைப்பாடல்கள். பெரியவர்களின் காதலுக்கும் பிரிவுக்கும் எழுதப்பட்ட சொற்களைக் குழந்தை பெரியவரின் பாவத்துடன் பாடும்போதே உயர்ந்த பாராட்டைப் பெறுகிறது. எவ்வளவு குறைவாகக் குழந்தையாக இருக்கிறதோ அவ்வளவு மிகுதியாக மதிப்பெண் கிட்டுகிறது. நடனப் போட்டிகளில் வயதுக்கு ஒவ்வாத அசைவுகள் இடம்பெறுவது குறித்து நடுவண் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019 ஜூனில் அலைவரிசைகளுக்கு அறிவுரை விடுத்தது. அறிவுரை அசைவைக் குறித்ததேயன்றி, பாட்டின் சொல்லையும் வெளியேற்றப்படும் குழந்தையின் கண்ணீரை அண்மைக்காட்சியில் காட்டும் மரபையும் தீண்டவில்லை.

5. தலைமைப் பாத்திரம் குழந்தையாதல்

அசைபடம் என்றாலே குழந்தைக்கானது என்னும் நம்பிக்கையும் ஆய்வுக்குரியது. தமிழ் ஒலித்தடத்துடன் பரவலாகக் காணப்படும் ‘ஷின்சான்’ இதற்குச் சான்று. யொஷித்தோ உசுயி 1990இல் வரையத் தொடங்கிய மூலப் படக்கதை, ஜப்பானில் வளர்ந்த ஆண்களுக்கான வார இதழ் ஒன்றில் வெளிவந்தது. ஐந்து வயதுச் சிறுவன் அதன் நாயகன். ஆனால் நகைப்பின் இலக்கு நடுத்தரக் குடும்பத்துப் பெரியவர் வாழ்வு. கடன், கணவன் மனைவி ஊடல், அண்டை வீட்டார் முன் காக்கவேண்டிய மானம் ஆகியவற்றைச் சிறுவன் போட்டு உடைப்பதே கதை. இந்தியாவில் சிறார் அலைவரிசையில் ஒளிபரப்பானபோது எதிர்ப்பு எழுந்து, தொடர் சிலகாலம் நிறுத்தப்பட்டுப் பின் வெட்டுகளுடன் மீண்டும் வந்தது.

வெட்டப்பட்டவை உடலைக் காட்டும் காட்சிகளும் சில உரையாடல்களுமே. விளிப்பின் திசை மாறவில்லை. தாயைக் கேலிசெய்யும் சிறுவனின் பேச்சை அங்கதமாக உணரப் பெரியவரின் தொலைவு வேண்டும். அத்தொலைவு இல்லாத குழந்தைக்கு அது பின்பற்றத்தக்க பேச்சு. தணிக்கை ஒரு படைப்பைத் தீங்கற்றதாக்கலாம். ஆனால் அதனைக் குழந்தைக்கானதாக்க இயலாது என்பதை இத்தொடர் உணர்த்துகிறது.

6. குழந்தையை விளிக்கும் நிகழ்ச்சி

சுட்டி தொலைக்காட்சி வழியே தமிழில் அறிமுகமான ‘டோரா’ இதற்கு நேர்மாறானது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கிய இத்தொடரில் டோரா திரைக்கு வெளியே நோக்கி வினா எழுப்பி, விடைக்காகக் காத்திருக்கிறாள். அந்த அமைதி வளர்ந்தவர்க்குச் சலிப்பூட்டுவது. தமிழ்ச் சமூக ஊடகங்களில் கேலிக்கும் உள்ளானது. ஆனால் அந்த அமைதியே இத்தொடரின் இலக்கணம். திரை பேசி முடித்து, குழந்தைக்குப் பேச இடம் விடுகிறது. மூன்று இடங்களைக் கடந்து இலக்கை அடைவது, அவற்றை வரைபடம் முன்கூட்டியே சொல்வது, ஒவ்வோர் இடத்திலும் மீளச் சொல்வது என்னும் அமைப்பும் குழந்தையின் நினைவாற்றலை மதித்து உருவானதே. அமெரிக்கச் சிறார் தொடரான ‘புளூஸ் குளூஸ்’ (1996) ஒரே பகுதியை ஐந்து நாள்கள் தொடர்ந்து ஒளிபரப்பியதும் இத்தகைய காரணத்தால்தான். மீள மீளக் கண்ட குழந்தைகள் கதையைக் கூடுதலாக விளங்கிக்கொண்டதையும் திரையோடு கூடுதலாக உரையாடியதையும் அத்தொடர் பற்றிய ஆய்வு காட்டியது. ஒரே கதையைப் பாட்டியிடம் நாள்தோறும் கேட்கும் குழந்தையை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது.

தமிழ் டோராவின் மொழிமாற்றம் தனியே நோக்கத்தக்கது. மூலத்தில் டோராவின் தோழனான குரங்கின் பெயர் ‘பூட்ஸ்’; தமிழில் அது ‘புஜ்ஜி’ ஆயிற்று. காலணியைக் குறிக்கும் பெயர் செல்லப்பெயராக மாறியதில் மொழிபெயர்ப்பாளரின் செவித்திறன் புலப்படுகிறது. மற்றொரு மாற்றம் ஆழமானது. மூலத்தில் ஆங்கிலம் பேசும் டோரா இடையிடையே ஸ்பானியச் சொற்களைக் கற்பிக்கிறாள். அமெரிக்காவில் குடியேறிய இலத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் வீட்டுமொழிக்குத் திரையில் மதிப்பளிப்பது அதன் பண்பாட்டுப் பொருள். தமிழில் டோரா தமிழ் பேசி ஆங்கிலச் சொற்களைக் கற்பிக்கிறாள். வீட்டுமொழியை உயர்த்திய கட்டமைப்பு, இங்கு வீட்டுமொழியை வாயிலாகவும் ஆங்கிலத்தை இலக்காகவும் கொண்டதாகத் திசைமாறியது. தமிழ்ப் பெற்றோரின் எதிர்பார்ப்புக்கு இது ஏற்புடையதே. எனினும் தமிழ்க் குழந்தை தன் மொழியின் புதுச்சொல் எதனையும் டோராவிடமிருந்து கற்பிக்கப்படும் சொல்லாகப் பெறவில்லை என்பது சிந்தனைக்குரியது.

7. மொழியும் இரட்டை வழக்கும்

ஆங்கிலத்தில் பார்வையாளரை விளிக்க ஒரே முன்னிலைச் சொல் போதும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ‘நீ’, ‘நீங்கள்’ என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். முன்னது அந்த அறையில் உள்ள ஒரே குழந்தையைத் தோழமையோடு அழைக்கிறது. பின்னது ஒரு கூட்டத்தையோ மதிப்புக்குரியவரையோ அழைக்கிறது. திரைக்கும் குழந்தைக்கும் இடையிலான உறவு இவ்வோர் அசையில் முடிவாகிறது. ஆயினும் மொழிமாற்ற அசைபடங்களின் விளிவடிவங்கள் குறித்த ஆய்வு தமிழில் போதிய கவனம் பெறவில்லை.

இரட்டை வழக்கு இதனினும் பெரிய சிக்கல். பள்ளிக்குச் செல்லாத குழந்தை அறிந்தது பேச்சுத் தமிழ் மட்டுமே. தமிழ்நாடு அரசு 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது, இணைய வசதியற்ற வீடுகளுக்கும் பாடத்தைக் கொண்டுசென்றது. விளம்பரமும் போட்டியும் அற்ற பொதுவெளி ஒன்று தமிழ்ச் சிறார்க்குக் கிட்டியது அதன் தனிச்சிறப்பு. எனினும் அது வகுப்பறையைத் திரைக்குக் கொண்டுவந்ததேயன்றி, திரைக்கெனக் குழந்தையை நோக்கிய புதிய கலைவடிவத்தை உருவாக்குவதை முதன்மை நோக்காகக் கொள்ளவில்லை. பாடநூல் மொழிக்கும் வீட்டுமொழிக்கும் இடையே பாலம் அமைப்பது, பள்ளிக்கு முந்தைய வயதினர்க்கான நல்ல நிகழ்ச்சி ஒன்றின் முதற்பணியாக இருக்கவேண்டும். பாட்டு, விடுகதை, சொல் விளையாட்டு ஆகியன வழக்குகளுக்கிடையே எளிதாகச் சென்றுவரும் வடிவங்கள். அவற்றைத் திரை பெரிதும் பயன்கொள்ளவில்லை.

இவ்விடைவெளியை இணையம் நிரப்புகிறது. 2013இல் சென்னையில் தொடங்கிய ‘சூசூ டிவி’ உலகப் புகழ்பெற்றது ஆங்கில மழலைப் பாடல்களால். தமிழ்ப் பாடல்கள் பின்னர் வந்தன. உலகக் குழந்தைகளுக்குப் பாடல் உருவாக்கும் தொழில்திறன் தமிழ் நிலத்தில் உள்ளது. தமிழ்க் குழந்தையை முதற்பார்வையாளராகக் கொள்ளும் பொருளியல் இல்லை என்பதையே இது காட்டுகிறது.

8. பின்னணியில் ஓடும் திரை

நிகழ்ச்சியின் உள்ளடக்கம் மட்டுமே தகுதியை முடிவுசெய்வதில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு வயதுக்குட்பட்டோர்க்குத் திரைநேரம் வேண்டா என்றும், இரண்டு முதல் நான்கு வயதினர்க்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் இருக்கவேண்டும் என்றும், அதனினும் குறைவது நன்று என்றும் கூறுகிறது. யாரும் கூர்ந்து பாராமல் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியும் இளங்குழந்தையின் விளையாட்டைத் துண்டாக்குகிறது; பெற்றோர் குழந்தையிடம் பேசும் சொற்களைக் குறைக்கிறது. இவை ஆய்வுகளில் புலப்பட்ட செய்திகள்.

தமிழ் வீடுகளில் சோறூட்டும் நேரத்துடன் இதனை இணைத்துக் காணலாம். நிலவைக் காட்டிச் சோறூட்டும் வழக்கம் பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவத்தோடு ஒத்த உணர்வுடையது. இன்று நிலவின் இடத்தைத் திரை பெற்றுள்ளது. இரண்டும் குழந்தையின் கவனத்தைத் திருப்பும் உத்திகளே. ஆகவே பழையது தூயது, புதியது தீயது என்று கூறுவதற்கில்லை. வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. நிலவு பேசாது, எனவே ஊட்டுபவர் பேசவேண்டியிருந்தது. நிலவைக் கூப்பிடுவதும் அதற்கு மறுமொழி சொல்வதும் கதை கட்டுவதும் அவர் பணியாயின. திரை தானே பேசுகிறது, ஊட்டுபவர் மௌனமாகிறார். குழந்தை இழப்பது நிலவை அன்று. தன்னோடு பேசிய குரலை.

9. சட்டம் காப்பதும் காவாததும்

கம்பிவடத் தொலைக்காட்சி விதிகளின் நிகழ்ச்சி நெறி, சிறார் நிகழ்ச்சிகளில் தகாத சொல்லும் வெளிப்படையான வன்முறையும் இடம்பெறலாகாது என்கிறது. சிறார் மிகுதியாகக் காணும் நேரத்தில் அவர்க்கு ஒவ்வாதன ஒளிபரப்பப்படலாகாது என்றும் வரையறுக்கிறது. ஒளிபரப்பாளர்களின் தன்னொழுங்கு நெறி, கட்டுப்பாட்டுக்குரிய நிகழ்ச்சிகளை இரவு 11 மணிக்குப் பின் ஒதுக்குகிறது. சிறார் கலைஞர்களைப் பொறுத்தவரை, 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த 2017ஆம் ஆண்டு விதிகள், நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது, இடைவேளையின்றி மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, வருவாயில் குறைந்தது 20 விழுக்காடு குழந்தையின் பெயரில் வைப்பாக இடப்படவேண்டும் என விதிக்கின்றன.

இவ்விரு சட்டத் தொகுதிகளும் தேவையானவை. ஆனால் முன்னது பார்க்கும் குழந்தையைத் தீங்கிலிருந்து காக்கிறது. பின்னது உழைக்கும் குழந்தையைச் சுரண்டலிலிருந்து காக்கிறது. குழந்தைக்கு நல்லதொன்று தரப்படவேண்டும் என்னும் கடப்பாட்டை இரண்டும் எவர்மீதும் சுமத்தவில்லை. பொது ஒலிபரப்பு அமைப்பான பிரசார் பாரதியின் சட்டம் (1990) கூட, குழந்தைகளின் நலன்களைப் ‘பாதுகாக்கும்’ நடவடிக்கை என்றே பேசுகிறது.

பிரித்தானியப் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2002இல் ஆறு வயதுக்குட்பட்டோர்க்கென்றே தொடங்கிய ‘சீபீபீஸ்’ அலைவரிசையை இங்கு ஒப்புநோக்கலாம். அதில் விளம்பரம் இல்லை. மாலை ஏழு மணியளவில், உறங்கும் முன் சொல்லும் கதை ஒன்றுடன் நாள் ஒளிபரப்பு நிறைவுறும். பார்வையாளரை வெளியே அனுப்பிவைக்கும் அலைவரிசை அது. விளம்பர வருவாயை நம்பி 24 மணி நேரமும் இயங்கும் சிறார் அலைவரிசைக்கும், ஒன்று முடியுமுன் அடுத்ததைத் தானே தொடங்கும் இணையத்தளத்துக்கும் அத்தகைய முடிவு இயலாது. இவ்வேறுபாடு பண்பாடு சார்ந்ததன்று. நிதி ஆதாரம் சார்ந்தது.

10. எழக்கூடிய மறுப்பு

இவ்வாய்வுக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. தமிழ்ச் சிறார் என்றும் பெரியவரின் கதைகளைக் கேட்டே வளர்ந்தனர். விடியவிடிய நடந்த தெருக்கூத்தில் குழந்தைகள் தாய்மடியில் அமர்ந்து துகிலுரிதலையும் போர்க்களத்தையும் கண்டனர். பாட்டி சொன்ன கதைகளில் பேயும் கொலையும் இருந்தன. சிறார்க்கெனத் தனிக் கலை வேண்டும் என்பது தனியறை உள்ள நடுத்தர வர்க்கத்தின் கற்பனை அன்றோ என்பது அம்மறுப்பு.

இதில் உண்மை உள்ளது. ஓர் அறை வீட்டில் குழந்தைக்கெனத் தனித்திரை என்பது நடைமுறைக்கு ஒவ்வாது. எனினும் கூத்துக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே இரு வேறுபாடுகள் உள்ளன. கூத்தில் கட்டியங்காரன் கதைக்கும் அவைக்கும் இடையே நின்று, நடப்பது நடிப்பே என்பதை இடைவிடாது நினைவூட்டுகிறான். பாட்டி குழந்தையின் முகத்தை நோக்கி, அச்சம் மிகும்போது கதையை வளைக்கிறாள். இருவரும் கேட்பவரைக் காண்கின்றனர். திரை காணாது. காணாத ஊடகம் கேட்பவரை முன்கூட்டியே எண்ணி அமைக்கப்படவேண்டும். கூத்து ஆண்டுக்குச் சில இரவுகளே நிகழ்வது; திரை நாள்தோறும் ஓடுவது என்பது மற்றொரு வேறுபாடு. எனவே மரபைக் காட்டி இன்றைய திரைக்கு விலக்களிக்க இயலாது. மாறாக, மரபு ஒரு வழியைக் காட்டுகிறது: உடனிருக்கும் பெரியவர் கட்டியங்காரனின் பணியை ஏற்கலாம். ஒரே அறையில் அனைவரும் காணும் வீட்டுக்கு இதுவே நடைமுறைக்கு இயைந்த விடை.

11. தகுதியை அளக்கும் வினாக்கள்

மேற்கண்டவற்றிலிருந்து ஐந்து வினாக்களைத் தொகுக்கலாம். முதலாவது, நிகழ்ச்சி குழந்தையை விளிக்கிறதா, குழந்தையைக் காட்டிப் பெரியவரை விளிக்கிறதா? இரண்டாவது, சிரிப்பிலும் வியப்பிலும் பார்க்கும் குழந்தைக்குப் பங்கு உண்டா? மூன்றாவது, அதன் மொழி குழந்தையின் வீட்டுமொழியிலிருந்து தொடங்கி அதனை வளர்க்கிறதா? நான்காவது, குழந்தை பேசவும் எண்ணவும் உடனிருப்பவர் இடைபுகவும் அதன் நடை இடம் தருகிறதா? ஐந்தாவது, கதையும் ஒளிபரப்பும் குழந்தை எழுந்து செல்லத்தக்க ஒரு முடிவை உடையனவா?

இவ்வளவையின்படி குட்டீஸ் சுட்டீஸ் முதலிரு வினாக்களில் தோல்வியுறுகிறது. மூன்றாவதில் பிற நிகழ்ச்சிகளை விஞ்சுகிறது. டோரா முதலிரண்டிலும் நான்காவதிலும் சிறக்கிறது, மூன்றாவதில் தடுமாறுகிறது. கல்வித் தொலைக்காட்சி விளிப்பில் தெளிவுடையது. வீட்டுமொழியிலிருந்து தொடங்குவதில் பின்தங்குகிறது. குடும்பத் தொடர் ஒன்றிலும் தேறவில்லை. ஆபாசமின்மை, வன்முறையின்மை என்னும் பழைய அளவையில் இவை நான்கும் ஒரே வரிசையில் நின்றிருக்கும் என்பதே அவ்வளவையின் குறை.

12. முடிவுரை

குழந்தைக்குத் தகுதியான தொலைக்காட்சி அரிதாக இருப்பதற்குப் பெற்றோரின் கவனக்குறைவு மட்டும் காரணமன்று. குடும்பம் என்னும் சொல்லுக்குள் குழந்தையை மறைத்த வழக்கும், தோன்றும் குழந்தையைப் பார்க்கும் குழந்தையாக மயங்கிய பார்வையும், தீங்கு நீக்கலையே தகுதியாகக் கொண்ட சட்டமும் சேர்ந்து இந்நிலையை உருவாக்கியுள்ளன. அச்சிலக்கியத்தில் குழந்தையைப் பற்றிப் பாடுதலிலிருந்து குழந்தைக்காகப் பாடுதலுக்குத் தமிழ் வந்துசேரப் பல நூற்றாண்டுகள் ஆயின. திரையில் அப்பெயர்ச்சி இன்னும் நிறைவுறவில்லை. குழந்தை இலக்கிய ஆய்வு அச்சுநூலோடு நின்றுவிடாமல், மொழிமாற்ற அசைபடத்தின் விளிவடிவங்களையும் சிறார் நிகழ்ச்சிகளின் சொற்றொகுதியையும் தன் எல்லைக்குள் கொள்ளுமாயின், படைப்போர்க்கும் பெற்றோர்க்கும் பயன்படும் அளவைகள் உருவாகும். அதுவரை, திரை பேசி ஓயும் இடத்தில் குழந்தையிடம் பேசத் தொடங்கும் ஒருவர் அருகிருப்பதே தமிழ் வீடுகளில் கிட்டும் மிகத் தகுதியான நிகழ்ச்சி எனலாம்.